நான்கு கோடியும் ஒன்பதாம் இடமும்



இலக்கணமும் வாய்மொழித் தேர்வும் பேசிவந்த இப்பக்கத்தில் இன்று கிரிக்கெட் பேசப்போகிறேன். ஆட்டத்தில் ஆர்வமில்லாதவர்கள் பொறுத்தருள வேண்டும். வகுப்பறையில் நடந்த ஒரு விவாதம் மாதக்கணக்கில் மனத்தைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் பாரம் இறங்கும் என்று தோன்றியது.

2024ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. காலையில் கோயில், நண்பகலில் உறவினர் வீடுகள் என்று சுற்றிவிட்டு, மாலையில் யீஷூனில் உள்ள மாமா வீட்டில் அமர்ந்திருந்தோம். அன்றுதான் ஐபிஎல் அணிகள் தாங்கள் தக்கவைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களின் பட்டியலை வெளியிட்டன. சென்னை சூப்பர் கிங்ஸ் ஐவரைத் தக்கவைத்திருந்தது. ருதுராஜ் கெய்க்வாட்டுக்கும் ரவீந்திர ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி ரூபாய், மதீஷா பதிரனாவுக்கு 13 கோடி, சிவம் துபேக்கு 12 கோடி. ஐந்தாவதாக மகேந்திர சிங் டோனி, 4 கோடி.

மாமா கைதட்டினார். தொடக்கக் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனோ, “நாற்பத்து மூன்று வயது ஆகிறது அப்பா. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஓர் இளைஞருக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கலாம்” என்றான். “ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்தவனை வீட்டுக்குப் போ என்பதா?” என்று மாமா குரலை உயர்த்தினார். பிறகு இருவரும் பேசவில்லை. அத்தைதான் முறுக்குத் தட்டை நடுவில் வைத்து நிலைமையைச் சமாளித்தார். மாமா ஏன் அவ்வளவு சினந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில், அந்த 4 கோடி எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2008இல் நடந்த முதல் ஏலத்திலேயே மிக உயர்ந்த விலைக்கு, 15 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு, வாங்கப்பட்டவர் டோனி. 2014இல் சென்னை அணி அவரை 12.5 கோடிக்குத் தக்கவைத்தது. 2018இல் அது 15 கோடியாயிற்று. 2022இல் ஜடேஜாவுக்கு 16 கோடி கொடுத்து முதலிடத்தில் வைத்துவிட்டு, 12 கோடியுடன் டோனி இரண்டாமிடத்திற்கு இறங்கினார். அடுத்து 4 கோடி. இந்த இறக்கத்திற்கு ஒரு விதி வழிசெய்தது. அனைத்துலக ஆட்டம் எதிலும் ஐந்தாண்டுகளாகக் களமிறங்காத இந்திய ஆட்டக்காரரை, அனைத்துலக அனுபவமே இல்லாத இளையர்களுக்குரிய பிரிவில் வைத்துத் தக்கவைக்கலாம் என்பது அவ்விதி. தொடக்க ஆண்டுகளில் இருந்து, பின்னர்க் கைவிடப்பட்டு, 2024இல் மீண்டும் உயிர்பெற்றது. டோனி இந்தியாவுக்காகக் கடைசியாக ஆடியது 2019 ஜூலையில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கிண்ண அரையிறுதியில். ஓய்வை அறிவித்தது 2020 ஆகஸ்ட் 15இல். கணக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. அவருக்காகவே விதியை மீட்டார்கள் என்று பலரும் பேசினர். ஆயினும் அவர் ஒருவர் மட்டுமே இதனால் பயன்பெற்றார் என்பது சரியன்று. ராஜஸ்தான் அணியும் சந்தீப் சர்மாவை இதே விதியின்கீழ் 4 கோடிக்குத் தக்கவைத்தது.

உலகக் கிண்ணத்தை வென்ற அணித்தலைவர் ஒருவர் புதுமுகங்களின் வரிசையில் நிற்பதைக் கண்டு சிலர் நகைத்தனர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. பள்ளித் துணைமுதல்வராக இருந்தவர் ஓய்வு வயதுக்குப் பிறகு சாதாரண வகுப்பாசிரியராகத் திரும்பிவந்து, ஆசிரியர் அறையின் கோடியில் இருந்த மேசையில் அமர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதிலே ஒரு மாண்பு உண்டு.

2025ஆம் ஆண்டு இரண்டாம் பருவத்தில், என் தொடக்கநிலை ஆறு மாணவர்களுக்கு உரையாடல் பயிற்சிக்காக ஒரு விவாதம் ஏற்பாடு செய்தேன். வழக்கமாக நான் கொடுக்கும் தலைப்புகளைக் கேட்டதும் அவர்கள் முகம் வாடிவிடும். “கைப்பேசி நன்மையா தீமையா” என்பதை எத்தனை ஆண்டுகள்தான் பேசுவது! இம்முறை, “டோனியை 4 கோடிக்குத் தக்கவைத்தது தகுமா?” என்று வெண்பலகையில் எழுதினேன். அடங்கிக் கிடந்த வகுப்பு விழித்துக்கொண்டது. கிரிக்கெட்டே பார்க்காத மாணவிகள் இருவர்கூட வீட்டில் அண்ணனிடம் கேட்டுக் குறிப்பெழுதி வந்தார்கள்.

ஆதரித்துப் பேசிய அணியின் முதல் மாணவன் கணக்குப்புலி. “ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகை 120 கோடி. அதில் 4 கோடி என்பது முப்பதில் ஒரு பங்கு. பதினெட்டுக் கோடி வாங்குபவரை விட்டுவிட்டு இவரை ஏன் குறை சொல்கிறீர்கள்?” என்றான். எதிரணியில் ஒருவன், அந்தத் தொகை நம் பணத்தில் ஏறத்தாழ ஆறு லட்சத்து முப்பதாயிரம் வெள்ளி என்று கணக்கிட்டு, அதைக் கொண்டு நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட ரொட்டி பிராட்டா வாங்கலாம் என்றான். வகுப்பு சிரித்து ஓய்வதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. (பிராட்டா ஒன்று வெள்ளி ஐம்பது காசு என்பது அவன் கணக்கு. அந்த விலையில் எங்கே கிடைக்கிறது என்று நானும் விசாரித்துவைத்தேன்.)

இரு தரப்பும் பணத்தையே பிடித்துக்கொண்டு நின்றன. நம் வீடுகளிலும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் விலையை மட்டும் வைத்து இவ்வழக்கைத் தீர்க்க முடியாது என்பதற்குச் சிங்கப்பூரில் பிறந்த ஒருவரே சான்று. 2019இல் நம் தேசிய அணியின் சட்டையை அணிந்து ஆடத் தொடங்கிய டிம் டேவிட்டை, 2022இல் மும்பை அணி 8.25 கோடிக்கு வாங்கியது. மூன்று பருவங்களுக்குப் பிறகு விட்டுவிட்டது. 2024 நவம்பர் ஏலத்தில் பெங்களூரு அணி அவரை வெறும் 3 கோடிக்கு எடுத்தது. அந்த அணி 2025இல் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. இறுதிக்கட்டத்தில் காயத்தால் அவர் ஆட இயலாமற்போனாலும், 2026க்கும் அவரைத் தக்கவைத்துக்கொண்டார்கள். எட்டேகால் கோடியில் இருந்த அதே மனிதர்தான் மூன்று கோடியிலும் இருந்தார். ஏல அறையில் அன்றைய நாளில் யாருக்கு எது தேவைப்படுகிறது என்பதைத்தான் விலை காட்டும்.

அடுத்து நன்றியுணர்வு. டோனியை ஆதரிப்போரின் வலுவான வாதம் இதுவே. மாமாவின் வாதமும் இதுவே. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள். அணிக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டுத் திரும்பிய 2018இலேயே கோப்பை. இவற்றை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இவ்வாதத்தை ஏற்க எனக்கொரு தடை இருக்கிறது. அதன் பெயர் சுரேஷ் ரெய்னா.

2008 முதல் அந்த அணியின் தூணாக நின்றவர் ரெய்னா. சேப்பாக்கம் அவரைச் ‘சின்னத் தல’ என்று கொண்டாடியது. 2022 பிப்ரவரியில் நடந்த ஏலத்தில் 2 கோடி அடிப்படை விலையில் அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது, சென்னை அணியின் மேசையிலிருந்து ஒரு கையும் உயரவில்லை. வேறெந்த அணியும் கேட்கவில்லை. அணியின் கொள்கை நன்றிதான் என்றால் அந்த 2 கோடி எங்கே போயிற்று? ஒருவருக்குச் செலுத்தி மற்றவருக்கு மறுக்கும் நன்றியை நான் கொள்கை என்று ஏற்கமாட்டேன். ரெய்னாவை எடுக்காததில் கிரிக்கெட் காரணங்கள் இருந்திருக்கலாம். அப்படியானால் டோனிக்கும் கிரிக்கெட் காரணங்களையே கேட்க வேண்டும்.

அவையும் இல்லாமலில்லை. 2024 பருவத்தில் டோனி சந்தித்தவை 73 பந்துகள் மட்டுமே. எடுத்தவை 161 ஓட்டங்கள். அதாவது பந்துக்கு இரண்டு ஓட்டங்களுக்கும் மேல். விக்கெட்டுக்குப் பின்னால் அவர் கைகள் மூப்படையவே இல்லை. 2025 மார்ச் 23ஆம் தேதி நூர் அகமது வீசிய பந்தில் சூரியகுமார் யாதவை அவர் ஸ்டம்பிங் செய்த வேகத்தைக் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 4 கோடிக்கு இவ்வளவு திறமுடைய விக்கெட் காப்பாளர் கிடைப்பாரா என்று கேட்டால், கிடைப்பது அரிது. ஆகவே 2024 அக்டோபர் 31ஆம் தேதி எடுக்கப்பட்ட முடிவு, அன்றைய நிலையில், தகும் என்றே சொல்வேன்.

பிறகு 2025 மார்ச் 28ஆம் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் மாலை ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு பத்து மணிக்கு. மறுநாள் பள்ளி இல்லாததால் என் மாணவர்களில் பாதிப்பேர் விழித்திருந்திருக்கிறார்கள். சேப்பாக்கத்தில் பெங்களூரு அணி 196 ஓட்டங்கள் எடுத்தது. சென்னையின் விக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஆறாம் இடத்தில் டோனி வருவார் என்று பார்த்தார்கள், வரவில்லை. ஏழு, எட்டு... எட்டாம் இடத்தில் அஸ்வின் வந்தார். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, ஒன்பதாம் இடத்தில் டோனி வந்தார். 16 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 30 ஓட்டங்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. அணி 50 ஓட்டங்களில் தோற்றது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூரு அணி வென்றது அதுவே முதன்முறை.

அவர் முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர்கள் முழுவீச்சில் ஆடுவது இயலாது என்னும் பொருள்பட அணியின் பயிற்றுநர் ஸ்டீபன் பிளெமிங் சில நாள்களில் விளக்கமளித்தார். நேர்மையான விளக்கம். ஆனால் அது எனக்கு வேறொரு கேள்வியை எழுப்பியது. பத்து ஓவர் ஆட இயலாதவர் ஐந்து ஓவர் ஆடலாம். அந்த ஐந்து ஓவர் எப்போது தேவைப்படுகிறதோ அப்போது இறங்க வேண்டும். அதை முடிவு செய்தது யார்? அணித்தலைவரா, பயிற்றுநரா, டோனியேவா? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியவில்லை. 28 வயதுத் தலைவர் ஒருவர், தமக்கு அப்பொறுப்பைக் கையளித்த மூத்தவரிடம் “நீங்கள் இப்போது இறங்குங்கள்” என்று சொல்வது எளிதாக இருந்திருக்காது என்று மட்டும் ஊகிக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குச் சென்றிருந்தேன். பஃபலோ சாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகையில், ஏழாம் எண் பொறித்த மஞ்சள் சட்டையுடன் ஓர் ஊழியர் நின்று தொலைபேசியில் அதே ஆட்டத்தின் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்தவர், கட்டுமானத்துறையில் வேலை. “ஒன்பதாவதா வந்தது தப்புதான் சார். இருந்தாலும் அவரு இல்லாத மேட்ச்சை எங்களால பார்க்க முடியாது” என்றார். வேலை அனுமதிச்சீட்டு அந்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும், என்ன ஆகுமோ என்றும் அதே மூச்சில் சொன்னார். வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஒரு நாள் சிராங்கூன் சாலைக்கு வந்து நிற்கும் மனிதருக்கு அந்தப் பதினாறு பந்துகள் என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் காண முடியாது. அணியின் நிர்வாகமும் இதை அறிந்தே செயற்படுகிறது. மஞ்சள் சட்டைகளை விற்கும் கடைக்காரருக்கும் இது தெரியும். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் கேள்வி நிற்கிறது. அந்தப் பருவத்தில் சென்னை அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் அடியில் முடித்தது. சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து ஐந்து தோல்விகள். டோனி 145 பந்துகளில் 196 ஓட்டங்கள் எடுத்தார். முந்தைய ஆண்டைவிட இரு மடங்கு பந்துகள். ஓட்டங்களோ சற்றே அதிகம். தோல்விக்கு அவரே காரணம் என்பது அநியாயம். மேல்வரிசை ஆட்டக்காரர்கள் ஒருவர்கூட நிலைக்காத அணியில் எட்டாம் இடத்துக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. என் குறை வேறு. அணி முழுவதும் அனுபவத்தின்மேல் சாய்ந்து நின்றது. பல அணிகளில் ஆடி அலுத்தவர்களே முதல் ஆட்டங்களில் இறங்கினர். 2023 முதல் அணியோடு இருந்த ஷேக் ரஷீத் முதல் ஆட்டம் ஆடியது 2025 ஏப்ரல் 14ஆம் தேதி, நம் புத்தாண்டு நாளில். 30 லட்சத்துக்கு வாங்கப்பட்ட தமிழ்நாட்டின் ஆந்த்ரே சித்தார்த் அந்தப் பருவம் முழுவதும் வெளியில்தான் அமர்ந்திருந்தார்.

பிறகு காயங்கள் வந்தன. கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் விலக, அவருக்கு மாற்றாக 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தார். தமிழ்நாட்டின் குர்ஜப்னீத் சிங் காயமுற, டிவால்ட் பிரெவிஸ் வந்தார். மே 3ஆம் தேதி பெங்களூருவில் மாத்ரே 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தபோது, இவ்வளவு நாள் இந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்காதவர் இல்லை. காயத்தின் புண்ணியத்தால் இளையருக்கு இடம் கிடைத்தது. மூத்தவரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது நாம் கொடுக்கும் உண்மையான விலை இந்த இடந்தான். 4 கோடியைவிட இதுவே பெரிது.

இதைத்தான் என் வகுப்பில் ஒரு மாணவி வேறு சொற்களில் கேட்டாள். அதிகம் பேசாத பிள்ளை. இரு அணிகளும் கத்தி ஓய்ந்தபின் கையை உயர்த்தி, “ஐயா, டோனி என்ன வேலை செய்ய வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்களா?” என்றாள்.

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. இருபதாண்டு காலமாக வகுப்பெடுக்கிறேன். இக்கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

நம் நாட்டில் இக்கேள்விக்குச் சட்டமே ஓரளவு வழி வகுத்திருக்கிறது. 2022 ஜூலையில் ஓய்வு வயது 63 ஆகவும் மறுவேலை நியமன வயது 68 ஆகவும் உயர்ந்தன. 2026 ஜூலை 1 முதல் இவற்றை 64, 69 என உயர்த்துவதாக அரசாங்கம் 2024இல் அறிவித்தது. ஓய்வு வயதை எட்டியவர் உடல்நலத்தோடும் மனநிறைவு அளிக்கும் வகையிலும் பணியாற்றுபவராயின், முதலாளி அவருக்கு மறுவேலை ஒப்பந்தம் வழங்க வேண்டும். அது குறைந்தது ஓராண்டுக்கு இருக்கும். பணியும் சம்பளமும் பழையபடியே இருக்க வேண்டியதில்லை. இருவரும் பேசி மாற்றிக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், டோனியின் 4 கோடியும் இத்தகையதுதான். சம்பளம் குறைந்தது. பணி மட்டும் பேசப்பட்டதா என்பது தெரியவில்லை.

மாமாவின் சினம் இப்போது விளங்கியிருக்கும். துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். மறுவேலை ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தத் தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் அவருடைய கடிதம் வந்திருந்தது. மகனிடம் சொல்லவில்லை. “இடத்தை இளைஞருக்குக் கொடுக்கலாம்” என்று அவன் சொன்னபோது அவர் காதில் விழுந்தது டோனியின் பெயரன்று. பல மாதங்களுக்குப் பிறகு அக்கடிதத்தை எனக்குக் காட்டினார். சம்பளம் குறைக்கப்பட்டிருந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் அவருடைய பணிகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இரவு முறை இல்லை. பாரந்தூக்கி இயக்குவது இல்லை. புதிதாகச் சேர்வோருக்கு முதல் மூன்று மாதம் வழிகாட்டுதல். “என்னை வாத்தியாராக்கிவிட்டார்கள்” என்று குறைப்பட்டுக்கொண்டார். கடிதத்தை மடித்து உறையில் வைத்த விதத்தைப் பார்த்தபோது, அவ்வளவு குறை இருப்பதாகத் தெரியவில்லை.

ஆசிரியப் பணியில் இவ்விரு வகையினரையும் கண்டிருக்கிறேன். தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்றபோது, பயிற்றுப்பணிக்காக நான் சென்ற பள்ளியில் ஓய்வு வயதைக் கடந்தும் ஒப்பந்தத்தில் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் இருந்தார். தேர்வு வகுப்பை அவராகவே கேட்டு விட்டுக்கொடுத்திருந்தார். என் பாடங்களின்போது கடைசி வரிசையில் அமர்ந்துகொள்வார். பாடம் முடிந்ததும் ஒரு சிறு தாளைத் தருவார். “மூன்றாம் மேசைப் பையன் இன்று ஒருமுறையும் பேசவில்லை” என்பது போன்ற ஒரே ஒரு வரி இருக்கும். பாராட்டோ கண்டனமோ இராது. அத்தாள்கள் இன்றும் என்னிடம் உள்ளன. அவருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் தகுமா என்று யாரேனும் கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

பிற்காலத்தில் வேறொரு பள்ளி. அங்கும் மூத்தவர் ஒருவர்; என்னைவிட நூறு மடங்கு தமிழறிந்தவர். தொடக்கநிலை ஆறு வகுப்பை ஆண்டாண்டு காலமாக அவரே எடுத்தார். தேர்ச்சி விழுக்காடு நன்றாக இருந்ததால் நிர்வாகமும் மாற்ற விரும்பவில்லை. பெற்றோரும் அவரையே கேட்டனர். ஓராண்டு இறுதியில் உடல்நலம் குன்றி அவர் விலகியபோது, தேர்வு வகுப்பை நடத்திய அனுபவமுள்ள தமிழாசிரியர் அப்பள்ளியில் எவரும் இல்லை. ஜனவரியில் அவ்வகுப்பு என் கைக்கு வந்தது. அந்த ஆண்டு நானும் திணறினேன், என்னிடம் சிக்கிய பிள்ளைகளும் திணறினார்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வோர் ஆண்டும், “இவ்வாண்டு இரண்டு பேரைத் தயார்ப்படுத்துங்கள்” என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். யாரும் சேர்க்கவில்லை. அவரிடம் அதைக் கேட்பதே அவமதிப்பு என்று எண்ணிவிட்டார்கள். கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே இன்று நினைக்கிறேன்.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். டோனிக்கு 4 கோடி தகும். குறிப்பிட்ட வேலைக்காகத் தகும். இருபது ஓவரும் விக்கெட் காப்பு, கடைசி ஐந்து ஓவரில் தேவைப்பட்டால் எந்த விக்கெட் விழுந்தாலும் அடுத்து இறங்குவது, தம் கையுறையை வாங்கப்போகும் இளைஞரைப் பருவம் முழுவதும் பக்கத்தில் வைத்திருப்பது. இவற்றைச் சொல்லாமல், “நீங்கள் இருந்தாலே போதும்” என்று ஒருவரைத் தக்கவைப்பதை நான் மரியாதை என்று ஒப்பமாட்டேன். கோயில் யானையைக்கூட வாசலில் சும்மா நிறுத்துவதில்லை.

அணி இதைப் பிறகு உணர்ந்ததா? 2025 நவம்பரில் நடந்தவை வியப்பாக இருந்தன. டோனியை 2026க்கும் தக்கவைத்த அதே சமயத்தில், ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித்தந்த ஜடேஜா! டோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்ட காட்சி என் மாணவர்களுக்குக்கூட நினைவிருக்கிறது. 18 கோடி ஒப்பந்தம் 14 கோடியாகி ஜெய்ப்பூருக்குப் போய்விட்டது. டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில், அனைத்துலக ஆட்டம் ஒன்றும் ஆடாத பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் தலா 14.20 கோடி கொடுத்தார்கள். ஒருவருக்கு 20 வயது, மற்றவருக்கு 19. கார்த்திக் ஒரு விக்கெட் காப்பாளர். சாம்சனும் விக்கெட் காப்பாளரே. இடத்தை வாங்கப்போகிறவர்களைக் கொண்டுவந்து பக்கத்தில் அமர்த்தியிருக்கிறார்கள் என்று நான் படிக்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் 14.20 கோடியை ஏற்றிவைப்பது தகுமா என்பது தனி வழக்கு. பெற்றோர்களே, அதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வகுப்பில் வாக்கெடுப்பு நடத்தினேனா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நடத்தினேன். தகும் என்று பதினொருவர், தகாது என்று ஒன்பதின்மர். கேள்வி கேட்ட மாணவி எந்தப் பக்கமும் கைதூக்கவில்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றாள். பிராட்டாக் கணக்குப் போட்டவன் அணி மாறி வாக்களித்தான். ஏனென்று கேட்டேன். “என் தாத்தா ஐயா அவருக்கு” என்றான். அதாவது, அவன் தாத்தா டோனியின் தீவிர ரசிகராம். வாக்கியத்தை முழுமையாகச் சொல்லும்படி திருத்தினேன். மணி அடித்துவிட்டது.